அரசின் வழக்குரைஞரும் மக்களின் மொழியும்

அரசின் சார்பில் மன்றேறி வழக்குரைப்பவர் அவ்வரசின் வாயாவார். அவ்வாய் எம்மொழியிற் பேசுகின்றதோ, அம்மொழியாளர்க்கே அம்மன்றம் உரியதாகும். இவ்வுண்மையைக் கொங்கு மண்ணிற்குரிய ஒருவரின் வாழ்க்கையே தெளிவாகக் காட்டுகின்றது.

திருச்செங்கோட்டையடுத்த குமாரமங்கலத்துக் குறுநிலக் குடியின் வழிவந்தவர் மோகன் குமாரமங்கலம். 1916-இல் இலண்டனிற் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்சுப் பல்கலைக் கழகத்திலும் பயின்றார். சட்டமுங் கற்றுத் தாயகம் மீண்டு பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார். 1940-இல் வெள்ளையராட்சி தொடுத்த சென்னைச் சதி வழக்கிற் குற்றஞ் சாட்டப்பெற்றுச் சிறை புகுந்தார். அரசு வழக்குரைஞரின் சுட்டுவிரல் நீண்ட கூண்டில் அன்று நின்ற அவரே, 1966-இல் சென்னை மாநில அரசின் தலைமை வழக்குரைஞராக அமர்ந்தார்!

மொழிச் சிக்கல் அக்குடும்பத்திற்குப் புதிதன்று. தந்தையார் ப. சுப்பராயன், 1937-இல் அமைந்த இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவையிற் சட்டமும் கல்வியும் ஏற்றிருந்தவர். கட்டாய இந்தியைத் தமிழ் மாணவர்மேற் சுமத்தியது அவ்வமைச்சரவையே. ஆயினும் காலம் அவர்க்குத் தெளிவு தந்தது. நடுவணரசு அமைத்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராயிருந்த அவர், வங்கப் பேரறிஞர் சுனீதி குமார் சட்டர்சியைப் போன்றே, 1956-இல் அதன் இந்திச் சார்பான முடிவுகளை மறுத்துத் தனிக் குறிப்பெழுதினார். மகனோ 1965-இல் இந்திய மொழிச் சிக்கல் பற்றித் தனிநூலே எழுதினார். மக்களாட்சி என்பது மக்கள் மொழியில் நடைபெறுவதே. ஆட்சியும் கல்வியும் அவரவர் தாய்மொழிக்கு மாறியாதல் வேண்டும் என்பதே அந்நூலின் உயிர்க்கருத்து. ஆயின், தாய்மொழிக்காக வழக்காடிய அந்நூலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது.

அதே 1965-இல் கொங்குநாடு என்ன கண்டது? சத்தியமங்கலம் முத்து தீக்கிரையானார். பீளமேடு தண்டபாணி நஞ்சுண்டு மாய்ந்தார். பொள்ளாச்சியில் துப்பாக்கிகள் முழங்கின. அத்துப்பாக்கிகளை ஏவிய பக்தவத்சலனார் ஆட்சிக்கே, அடுத்த ஆண்டில், தாய்மொழி உரிமையை எழுதிய அக்கை வழக்குரைத்தது.

“வழக்குரைஞர்க்குத் தொழில் வேறு, கொள்கை வேறு” எனச் சிலர் அமைதி கூறுவர். ஆங்கிலமே மன்றமொழியென அரசமைப்புச் சட்டம் வரையறுத்திருக்கத் தனியொருவர் என் செய்வார் என்றும் வினவுவர். அவ்வினாவில் உண்மை உண்டு. அதனாலேயே அவரைப் பழித்தொதுக்குவது அறமாகாது. ஆனால், அவர் வாழ்வு கற்பிக்கும் பாடத்தை மறப்பதும் அறிவாகாது. நல்லெண்ணமுடையார் ஒருவர் உயர்பதவியில் அமர்வதனால் மட்டும் மொழிக்கு விடிவு வாராது. சட்டமே மாறல் வேண்டும்.

1971-இற் புதுச்சேரியினின்று மக்களவைக்குச் சென்ற அவர், நடுவணரசில் எஃகு, சுரங்கத்துறை அமைச்சரானார். 1973-இல் மூத்த நடுவர் மூவரைத் தாண்டி வேறொருவர் உச்சமன்றத் தலைமை நடுவராக அமர்த்தப்பெற்றபோது, அச்செயலுக்கு அரண் செய்து பேசியவர் அவரே. நடுவரின் குமுகாய நோக்கும் கருதத்தக்கதே என்று வழக்காடினார். மொழியால் மக்களை விலக்கி வைத்த மன்றம் நோக்கால் மட்டும் எங்ஙனம் நெருங்கும்? அவ்வாண்டு மே 31-இல் தில்லியருகே வானூர்தி வீழ்ந்து அவர் மறைந்தார். வினாவோ மறையவில்லை.

இன்றும் கோவை மன்றத்தில் ஓர் உழவர் தமிழிற் சான்றுரைக்கின்றார். மேன்முறையீடு சென்னைக்குச் சென்றவுடன் அவர் சொல் ஆங்கிலமாகிவிடுகின்றது. தம் நிலம் குறித்தும் தம் உயிர் குறித்தும் அங்குப் பேசப்படுவதை, அருகில் நின்று கேட்டாலும் அவரால் அறியவியலாது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்மன்றங்களில் இந்தி வழங்குதற்கு 348-ஆம் பிரிவு வழிவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தமிழுக்காக நிறைவேற்றிய தீர்மானத்திற்கோ நடுவணரசு இசையவில்லை. போதாக்குறைக்கு, 2024 சூலை 1 முதற் குற்றவியற் சட்டங்கள் மூன்றும் வடமொழிப் பெயர் பூண்டு வந்துள்ளன. அப்பெயர்களைச் சொல்லித்தான் தமிழ்நாட்டு அரசு வழக்குரைஞரும் இனி வழக்குரைத்தல் வேண்டுமாம்!

பாண்டியன் அவையிற் கண்ணகி வழக்குரைத்தபோது இடையே மொழிபெயர்ப்பாளன் நின்றானில்லை. அவள் சொல் நேரே அரசன் நெஞ்சிற் பாய்ந்தது. அதனாலேயே தவறு தவறெனத் தெரிந்தது. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை தமிழர்க்கு வைத்துச் சென்ற முறைநெறி அதுவே. உயர்மன்றத்திற் குற்றஞ் சாட்டுவோர் சொல்லும், மறுப்போர் சொல்லும், தீர்ப்போர் சொல்லும் தமிழாகும் நாளே தமிழர்க்கு முறை கிடைக்கும் நாள். 348-ஆம் பிரிவின் கதவைத் தமிழுக்குந் திறக்கும்வரை, வழக்குரைஞரும் உழவரும் மாணவரும் ஒருங்கே நின்று தட்டுக!