தசையணுவும் தமிழ்ச் சொல்லும்

கரையான்சாவடியினின்று மேற்கே செல்லும் நெடுஞ்சாலை வேலூர்க்குச் செல்கின்றது. 1900 ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனையை நாடி நோயாளர் பலர் இவ்வழியே போகின்றனர். அவருள் தசைநோயுடையாரை நினைந்தே இதனை எழுதுகின்றோம்.

தசைநோய் ஒன்றன்று, பல. டூஷென் நோய் ஆண் குழந்தைகளைப் பற்றுவது. அவர்கள் தரையினின்று எழுங்கால் தம் தொடைமேற் கையூன்றி எழுவர். ஜி.என்.இ. தசைநோயோ பெரும்பாலும் நம்மையொத்த இளம்பருவத்தாரைப் பற்றும். பாதம் தொய்ந்து நடை தடுமாறுதல் அதன் முதற்குறி. அதற்குக் காரணமாம் மரபணுப் பிழைகளுள் ஒன்று இந்திய நோயாளரிடத்து மிகுதியாய்க் காணப்படுகின்றது. தாய் தந்தை இருவர்வழியும் பழுது வந்தாலன்றி இந்நோய் தோன்றாது. மாமன் மகளை மணக்கும் வழக்குடைய நாம் இதனைப் பிறநாட்டார் கவலை என்று விட்டுவிடலாகுமோ?

மருந்தை நோயாளியின் உடலிற் செலுத்திப் பார்க்குமுன் அவர்தம் தசையணுவிற் பார்த்தல் நன்று. சிறு தசைத் துணுக்கினின்று பிரித்த உயிரணுக்களைக் கிண்ணத்தில் வளர்க்கலாம். ஆயின் அவை சில முறை பெருகியபின் மூப்பெய்தி ஓயும். டெலோமரேஸ், சி.டி.கே.4 என்னும் இரண்டன் மரபணுக்களையும் அவற்றுட் புகுத்தின் மூப்பு நீங்குமென அமெரிக்க, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2007 இல் காட்டினர். இவ்வாறு இடையறாது பெருகுவதனை உயிரணுக் கால்வழி என்போம். ஊட்டநீரை மாற்றிய அளவில் இவ்வணுக்கள் ஒன்றோடொன்று கூடித் தசைநாராகும். நோயாளியின் பிழையும் அந்நாரில் அப்படியே இருக்கும். எலியின் தசையணு எத்துணை உதவினும் இதற்கு ஈடாகாது. கிண்ணத்து நாருக்கு நரம்பில்லை, குருதியோட்டமில்லை என்பது மெய்யே. அதுபற்றி அதனைத் தள்ளுதல் தகாது.

நம் நோயாளரின் பிழையை உடைய கால்வழிகள் நம் நாட்டிலேயே வளர்க்கப்பெற்றுப் பேணப்பெறல் வேண்டும். நமக்குத் திறமில்லை என்பார், ஈமோபிலியா நோயர் ஐவர்க்கு வேலூரிற் செய்த மரபணுச் சிகிச்சையின் பயன் 2024 இல் வெளியானதை அறிவாராக.

இனி, இசைவு. 1951 இல் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் அம்மையாரின் கட்டியினின்று அவர் இசைவின்றி எடுத்த உயிரணுக்கள் உலகெங்கும் பெருகின. அம்மையாரோ அவ்வாண்டே மறைந்தார். அவர்தம் குடும்பத்தார் செய்தியறிந்தது 1970களில்தான். ஆராய்ச்சிக்கு உட்படுவார்க்கு விளங்கும் மொழியில் இசைவு பெறல் வேண்டுமென 2017 ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறைகள் கூறுகின்றன. ஆயின் தமிழெழுத்தில் அச்சிட்டதெல்லாம் தமிழாகிவிடுமோ? சொல்லுக்குச் சொல் பெயர்த்த படிவம் கற்றார்க்கே மயக்கந் தரும். இது மருத்துவர் பணி மட்டுமன்று. தமிழ் பயில்வார் பணியுமாம். அப்படிவம் இவ்வளவேனும் தெளிவாகச் சொல்லுக: "உம் தசையின் அணுக்கள் உமக்குப் பின்னும் உயிரோடிருக்கலாம், பிறர் நாட்டிற்கும் செல்லலாம், நீர் மறுக்கலாம், மறுப்பினும் உமக்குரிய மருத்துவம் சிறிதும் குறையாது."