அஞ்சியது நிர்வாகம், அழுதது தொழிலாளி!

தம்பி,

இல்லாதவன் இழப்புக்கு அஞ்சுவான், இருப்பவன் துணிவான் என்றல்லவா எண்ணுகிறோம்? கோடாக் கதை அதற்கு நேர்மாறு!

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலே, 1975-ஆம் ஆண்டு, அந்நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன், படச்சுருளே இன்றிப் படமெடுக்கும் கருவியொன்றைச் செய்து காட்டினார். எடை மூன்றரைக் கிலோவுக்கும் மேல். ஒரு படத்தை நாடாவிலே பதிக்க 23 விநாடி. பிறந்த குழந்தை ஓடுமா, என்ன? ஆனால் மேலிடத்தார் மருண்டனர். படச்சுருள் விற்றுக் குவித்த செல்வம் கரைந்துவிடுமே என்ற கலக்கம்! பின்னாளில் தாமும் அத்தகைய கருவிகளை விற்றனர். அதற்குள் பிறர் முந்திவிட்டனர். 2012 ஜனவரியில், திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றப் படியேறிற்று கோடாக்.

ஜப்பானின் பியூஜிபிலிம் நிறுவனத்தையும் அதே புயல்தான் தாக்கிற்று. படச்சுருளிலே பயன்பட்ட கொலாஜன், படத்தின் நிறம் மங்காது காக்கும் நுணுக்கம் ஆகியவற்றைக் கொண்டே, 2007-இல் முகப்பூச்சு விற்கத் துணிந்தது! படச்சுருள்காரருக்கு முகப்பூச்சு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அங்கும் ஆட்குறைப்பு நடந்தது, மறைப்பானேன்? ஆயினும் நிறுவனம் நின்றது.

ராச்செஸ்டரிலோ, மேலிடத்தார் தயங்கிய நாள்களில் தொழிலாளியை ஒரு சொல் கேட்டாரில்லை. 1982-இல் அந்நகரில் மட்டும் கோடாக் ஊழியர் 60,000 பேருக்கு மேல். 2012-இல் எஞ்சியோர் சில ஆயிரவர். உழைத்து ஓய்ந்தோர் பெற்றுவந்த மருத்துவச் சலுகையும் அவ்வாண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது.