நெஞ்சு படபடத்தால் கோடாங்கியா?

பேருந்து நிலையத்துச் சுவர்களைப் படித்ததுண்டா, தோழர்களே? புதுக்கோட்டையாகட்டும், அறந்தாங்கியாகட்டும், ஆலங்குடியாகட்டும், பில்லி சூனியம் அகற்றித் தருவதாக ஒரு தாள். அதன் மீதே, நரம்புத் தளர்ச்சியை நாற்பத்தெட்டே நாளில் போக்குவதாக இன்னொரு தாள்! கடைகள் இரண்டு, சரக்கு ஒன்று. மாந்தரின் அச்சத்தை முதலாகப் போட்டு நடத்தும் வாணிகம் அது. முதல் நோயாளியுடையது, இலாபம் வேறொருவனுடையது!

எந்த அச்சம்? பாம்பைக் கண்டு வரும் அச்சமன்று. காரணம் காட்ட இயலாத அச்சம். அமைதியாக அமர்ந்திருப்பவனுக்குத் திடுமென நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, 'இதோ செத்தேன்' என்றே தோன்றுகிறது. பத்து நிமிடத்திற்குள் உச்சம். பெரும்பாலும் அரை மணிக்குள் அடக்கம். உடலில் நடப்பது என்ன? உயிரைக் காக்க இயற்கை அமைத்த எச்சரிக்கை மணி, கள்வன் வராத இரவில் ஒலிக்கிறது, அவ்வளவே. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் விரைகிறது. மூச்சு மிகுந்து, குருதியிலுள்ள கரியமில வாயு குறைகிறது. அது குறைவதால் தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. மரத்த விரலைக் கண்டு மேலும் அஞ்சுகிறான்; அஞ்ச அஞ்ச மேலும் அட்ரினலின்! உடலின் சிறு மாறுதலைச் சாவின் தூதென்று படித்துவிடும் மனம், அந்தப் பிழையான படிப்பினாலேயே மாறுதலைப் பெரிதாக்கிவிடுகிறது என்று இங்கிலாந்து உளநூலறிஞர் டேவிட் கிளார்க் 1986இல் இச்சுழலை விளக்கிக் காட்டினார். இதில் பேய் எங்கே புகுந்தது? எந்த வாயில் வழியே?

நம் கண்முன் நடந்த ஒன்று. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தேர்வு நெருங்கிய நாளில் வகுப்பறையிலேயே மூச்சுத் திணறிச் சாய்ந்தாள். "பயந்த கோளாறு" என்றார் பாட்டி. "உச்சிவேளையில் புளியமரத்தடியில் ஒண்டியாக வந்தாளே" என்றார் அத்தை. மருத்துவமனை ஏழு கல் தொலைவு. கோடாங்கி வீடு அதைப்போல் மூன்று மடங்கு. தொலைவுக்கே போனார்கள்! உடுக்கை முழங்கிற்று. வேப்பிலை வீசிற்று. கூந்தலைப் பிடித்து உலுக்கி, "யார் நீ? சொல்!" என்றார்கள். அச்சத்தால் நடுங்கும் குழந்தைக்கு மருந்து, மேலும் அச்சம்! அவளும் ஒரு பெயரைச் சொன்னாள். இறந்துபோன சித்தியின் பெயர். சொன்னால்தான் விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. பதினைந்து நாள் கழித்து அவள் பள்ளிக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார மற்றப் பெண்கள் அஞ்சினர். ஒருத்தியிடம் இருந்த நோய், வகுப்பு முழுவதற்கும் அச்சமாகப் பரவிற்று.

"ஆனால் உடுக்கை அடித்ததும் அடங்கிவிட்டதே!" என்பர். அடங்காமல் என்ன செய்யும்? அரை மணியில் தானே அடங்குவது அதன் இயல்பு. தானே நின்ற மழைக்கு, நிறுத்திவைத்தேன் என்று ஒருவன் கூலி கேட்பதைப் போன்றது இது. இந்த ஒன்றைத் தோழர்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். திருநீறாயினும் லேகியமாயினும், தாக்குதல் நடக்கும்போது எதைக் கொடுத்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'அடங்கியதா?' என்பதன்று, 'மறுமுறை வருவதைத் தடுத்ததா? தடுத்ததென்று சோதித்துப் பார்த்தவர் யார்?' என்பதே.

இது யாருடைய ஊர்? 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது பெற்றோர் பலர் எதிர்த்தனர். பெண்ணொருத்தி அமர்ந்தால் தம் பிள்ளைகள் கெடுவர் என்று பதறினர். பதற்றம் தோற்றது, அந்தப் பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று டாக்டராக வெளிவந்தார். ஒரு மகளை மருத்துவத்திற்கு அனுப்பிய ஊர், நூறாண்டு கழிந்தபின் இன்னொரு மகளைக் கோடாங்கியிடம் அனுப்புகிறது!

விளையாட்டல்ல இது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளரை வைத்துத் தனியார் சிலர் விடுதிகள் நடத்தினர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் விடியுமுன், அவற்றுள் ஒரு கொட்டகை தீப்பற்றிற்று. காலில் சங்கிலி, ஓட வழியில்லை. இருபத்தெட்டு உயிர்கள் கருகின! அவர்களுடைய நோய் வேறு, இதனினும் கடியது. ஆனால் வீட்டிலிருந்து அவர்களைக் கிளப்பிய எண்ணம், நம் மாணவியைக் கிளப்பிய அதே எண்ணந்தான். எவ்வகையிலும் மனநோயாளரைச் சங்கிலியிடல் கூடாதென்று சட்டம் சொல்ல, 2017 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதே ஏர்வாடியில் இன்று 'தவா–துவா' என்ற பெயரில், வேண்டுதலுக்கு வருவோர்க்கு அரசினர் மருத்துவர் மருந்தும் தருகிறார். இதை நம் தோழர் சிலர் பழிக்கின்றனர்: "மூடநம்பிக்கையோடு உடன்படிக்கையா?" நாம் பழிக்கமாட்டோம். நோயாளி இருக்கும் இடத்திற்கு மருந்து நடந்து போகட்டும். வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இனி, இயற்கை என்னும் பெயரில் நடப்பது. இயற்கை என்றால் தீங்கில்லையாம்! நாகத்தின் நஞ்சு எந்தத் தொழிற்சாலையில் காய்ச்சப்பட்டது? மூலிகை நமக்குப் பகையன்று. ஆராயாமல் விற்பதே பகை. சர்ப்பகந்தி என்னும் வேரைப் பாருங்கள். பித்துக்கு நம் நாட்டார் நெடுங்காலம் கொடுத்த வேர். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அதைச் சோதித்து எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் வக்கீல், அது குருதியழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டானிய ஏட்டில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்து ரெசர்ப்பின் என்றனர். உலகத்து மனநல மருத்துவமனைகளெல்லாம் அதைக் கொண்டன. அளவு தெரிந்தது, மனச்சோர்வு முதலிய கேடுகளும் தெரிந்தன, அவற்றினும் நல்ல மருந்துகள் வந்தபோது ஒதுங்கிற்று. வேர் தோற்றதா? இல்லை, தேர்வு எழுதிற்று! சுவரில் ஒட்டப்பட்ட லேகியம் எந்தத் தேர்வு எழுதியது?

மெதுவாக மூச்சுவிடும் பழக்கம் — உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுதல் — நல்லதே. ஏன் நல்லதென்று கரியமில வாயுவின் கணக்கே சொல்லும். நாள்தோறும் நடத்தல், நேரத்தில் உறங்குதல், காப்பி தேநீரைக் குறைத்தல், யாவும் நல்லவையே. இவற்றிற்கு நாற்பத்தெட்டு நாள் பொட்டலம் தேவையில்லை என்பதால்தான் சுவரில் விளம்பரம் இல்லை.

மாத்திரையிலும் புரட்டு உண்டு. அல்பிரசோலம் விரைவில் அமைதி தரும்; நாள்தோறும் தின்றால் சில கிழமைகளில் அடிமை கொள்ளும்; திடீரென நிறுத்தினால் அச்சம் இருமடங்காகத் திரும்பும், வலிப்பே வரலாம். அதனால்தான் 2014 முதல் அது எச்1 பட்டியலில்; மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆயினும் பழகிய முகத்திற்குப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுக்கும் கடைக்காரரும் கோடாங்கியின் தம்பியே! செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை அப்படி அடிமை கொள்வனவல்ல. வேலை செய்யச் சில கிழமைகள் பிடிக்கும். நம்மவரோ ஐந்தாம் நாள் 'உடம்புக்குச் சூடு' என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையே இன்றி, அஞ்சும் இடத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளவும், நெஞ்சத் துடிப்பைச் சாவென்று படிக்காதிருக்கவும் கற்பிக்கும் உளப்பயிற்சியும் உண்டு. பயனில் மருந்துக்கு அது இளைத்ததன்று. எது யாருக்கு என்பதை, முதலில் இதயத்தையும் தைராய்டையும் குருதியையும் சோதித்துப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும். தைராய்டு மிகுந்தாலும் இதே படபடப்புத்தான்!

கடைசியாக, கசப்பான ஒன்று, நம்மவரை நோக்கி. "பகுத்தறிவாளனுக்குப் பயமா?" என்று நகைக்கும் தோழர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். பேயை விரட்டிவிட்டு, அந்த நாற்காலியில் 'கோழை' என்ற சொல்லை உட்கார வைக்கிறார். நோயாளிக்கு என்ன வேறுபாடு? முன்பு சாமியாடியிடம் மறைத்தான். இப்போது நம்மிடம் மறைக்கிறான். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல், கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பிள்ளையைப்போல் வளர்த்த மரங்கள் கிடந்த கோலத்தைக் கண்டவர்கள், திங்கள் பல சென்றபின்னும் காற்று சற்று உரத்தால் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தார்கள். கடன்காரனுக்கும் கதிரவனுக்கும் அஞ்சாத உழவர்கள் அவர்கள். கோழைகளா? சொல்லுங்கள், கோழைகளா?

2015–16இல் நாடு தழுவி நடந்த மனநலக் கணக்கெடுப்பில், இவ்வகைப் பொதுவான மனநோய் உடையோரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் மருத்துவமே பெறவில்லை என்று தெரிந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் முதன்முதல் தொடங்கிய இடங்களுள் ஒன்று, பக்கத்திலுள்ள திருச்சி. புதுக்கோட்டைக்கு 2017 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இருந்தும் வழி தெரியவில்லை என்கிறார்கள். கோடாங்கி வீட்டிற்கு மட்டும் வழி எல்லாருக்கும் தெரிகிறது. ஆதலின் ஊர்தோறும் நம் படிப்பகங்களின் கரும்பலகையில், கூட்ட அறிவிப்புக்கு மேலே, 14416 என்று எழுதுங்கள். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய மனநலத் தொலைபேசி அது. இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. அத்துடன், மனநல மருத்துவர் எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்பதைக் கேட்டறிந்து அதன் கீழேயே எழுதுங்கள். யாரேனும் தனியே போகத் தயங்கினால், பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு தோழர் உட்கார்ந்து போகட்டும்.