அழைப்பவர் யார்? கேட்பவர் யார்?

அயல்நாட்டுத் தலைநகர்களில் தங்கித் தம் நாட்டுப் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதும் நிருபர்களுக்கு, அரசியலிலும் வர்த்தகத்திலும் துறைபோகிய நிபுணர்களைக் கொண்டு விளக்கவுரை நிகழ்த்துவிக்கும் வழக்கம் உலகின் பெருநகரங்களில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. இலண்டனில் 1888ஆம் ஆண்டிலேயே வெளிநாட்டு நிருபர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர். 1968இல் அமெரிக்க அரசாங்கம் வாஷிங்டனில் வெளிநாட்டுப் பத்திரிகை நிலையமொன்றை நிறுவியது. தேர்தல் காலங்களில் பேராசிரியர்களும் கருத்துக் கணிப்பாளர்களும் அங்கு அழைக்கப்பட்டு, அமெரிக்கரையே குழப்பும் தம் தேர்தல் முறையைப் பிறநாட்டாருக்கு விளக்குவது வழக்கமாயிற்று.

இவ்வுரைகளால் பயனில்லை என்று நாம் கூறவில்லை. மொழி தெரியாத ஊரில் வந்திறங்கும் நிருபனுக்கு அவ்வூர் வரவு செலவுத் திட்டத்தையும் கட்சிப் பூசலையும் எடுத்துரைக்க ஒருவர் வேண்டுமன்றோ? ஆனால் நாம் எழுப்பும் வினா வேறு. நிபுணரை அழைப்பவர் யார்? உரை முடிந்தபின் எழுந்து கேட்பவர் யார்? இவ்விரண்டையும் அறியாமல் அவ்வுரையின் பெறுமதியை எவராலும் அளவிட முடியாது.

யப்பானின் அநுபவத்தை எடுத்துக்கொள்வோம். 1945இல் போர் ஓய்ந்து அமெரிக்கப் படைகள் யப்பானில் இறங்கியபோது உடன் வந்த நிருபர்கள் டோக்கியோவில் ஒரு மன்றம் அமைத்தனர். யப்பான் வெளிநாட்டு நிருபர் மன்றம் என்பது அதன் பெயர். அங்கு விருந்தினரை அழைப்பவர்கள் நிருபர்களே, அரசாங்கம் அன்று. பிரதம மந்திரி முதல் பேராசிரியர் வரை பலரும் அங்கு வந்து மதிய போசனத்தின் பின் பேசுவர். பேசியபின் வினாக்களுக்கு விடையிறுப்பர்.

1974ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி அவ்வாறு வந்த விருந்தினர் அந்நாட்டுப் பிரதம மந்திரி தனக்கா ககுவெய். நீகத்தா மாகாணத்துக் கிராமமொன்றில் மாட்டு வியாபாரியின் மகனாகப் பிறந்து, பல்கலைக்கழக வாசலை மிதியாமலே, 1972இல் நாட்டின் முதன்மைப் பதவிக்கு உயர்ந்தவர் அவர். அதே ஆண்டில் மக்கள் சீனத்துடன் உறவு பூண்டு உலகின் கவனத்தை ஈர்த்தவரும் அவரே. கிராமத்து மக்கள் அவரைத் தம்மில் ஒருவராகவே போற்றினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவர் மன்றத்துக்கு வருவதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் ‘புங்கெய் சுஞ்சு’ என்ற மாதச் சஞ்சிகையில், தச்சிபனா தக்காஷி என்ற எழுத்தாளர் அவருடைய செல்வத்தின் ஊற்றை ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அதற்கு அவர் துணைகொண்டவை இரகசியக் கடிதங்கள் அல்ல. எவரும் சென்று பார்க்கக்கூடிய காணிப் பதிவேடுகளும், கம்பனிப் பதிவுப் பத்திரங்களும், அரசியல் நிதிக் கணக்குகளுமே. பெயரளவில் இயங்கிய கம்பனிகள் காணி வாங்குவதும், பின்னர் அரசாங்க வேலைத்திட்டங்களால் அக்காணிகளின் விலை பன்மடங்கு ஏறுவதும் அப்பதிவேடுகளை அடுக்கி வைத்தபோது தாமாகவே புலப்பட்டன.

டோக்கியோவின் பெருந் தினசரிகள் என்ன செய்தன? வாய்மூடி இருந்தன. அந்நாட்டில் ஒவ்வோர் அமைச்சையும், ஒவ்வொரு கட்சித் தலைமையகத்தையும், பொலிஸ் தலைமையகத்தையும் சார்ந்து நிருபர் கழகங்கள் உண்டு. நாள்தோறும் ஒரே அறையில் அமர்ந்து, ஒரே அதிகாரியின் வாய்மொழியைப் பெற்று எழுதுவோர் அவ்வதிகாரியை வருத்தும் வினாவைக் கேட்பது எங்ஙனம்? கட்டுரையிற் கண்டவை தமக்கு முன்பே தெரிந்தவைதாம் என்று சொன்ன அரசியல் நிருபர்களும் இருந்தனர். தெரிந்திருந்தும் எழுதாமை தம் தொழிலுக்கு இழுக்கு என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்!

மன்றத்திலோ நிலைமை வேறாயிற்று. வெளிநாட்டு நிருபர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து அக்கட்டுரையைப் பற்றியே கேட்டனர். நல்லெண்ணச் சந்திப்பொன்றை எதிர்பார்த்து வந்த பிரதம மந்திரி தடுமாறினார். நேரம் முடியுமுன்னரே புறப்பட்டார். மறுநாள் யப்பானியத் தினசரிகள் விழித்துக்கொண்டன. கட்டுரையைப் பற்றி எழுத அஞ்சியவை, கட்டுரையைப் பற்றி வெளிநாட்டார் கேட்டதை முதற்பக்கத்தில் எழுதின. நவம்பர் 26ஆந் திகதி தனக்கா தம் விலகலை அறிவித்தார். பின்னர் 1976இல் லொக்ஹீட் விமான ஊழலிற் கைதாகி, 1983இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீடு முடிவுறாமலே 1993இற் காலமானார்.

அன்று அந்த மேடையில் நிகழ்ந்த உரையில் என்ன இருந்தது என்பதை இன்று நினைவுகூர்வார் அரியர். நினைவில் நிற்பவை அதன்பின் எழுந்த வினாக்களே.

வர்த்தக உலகிலும் இதுவே நடந்தது. புகைப்படக் கருவிகளும், வைத்தியர்கள் உடலினுள் நோக்கப் பயன்படுத்தும் கருவிகளும் செய்யும் ஒலிம்பஸ் கம்பனியின் தலைவராக 2011 ஏப்ரிலில் மைக்கல் வூட்போர்ட் என்ற ஆங்கிலேயர் நியமனம் பெற்றார். ‘பக்தா’ என்ற சிறு யப்பானியச் சஞ்சிகை அக்கம்பனியின் கணக்குகளைப் பற்றி எழுதியதை அவர் படித்தார். ஒரு கம்பனியை விலைக்கு வாங்க ஆலோசனைக் கட்டணமாக மட்டும் 68 கோடியே 70 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது எவ்வாறு என்று பணிப்பாளர் சபையைக் கேட்டார். ஒக்டோபர் 14ஆந் திகதி அச்சபை அவரைப் பதவியினின்று நீக்கியது. அவர் கைந்நிறையப் பத்திரங்களுடன் இலண்டன் ‘பைனான்சியல் டைம்ஸ்’ பத்திரிகையை நாடினார். நவம்பர் 8ஆந் திகதி, நீண்டகால நட்டங்களை மறைத்து வந்தமையைக் கம்பனி ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில் டோக்கியோ திரும்பிய அவர், நாம் மேலே கூறிய அதே மன்றத்தின் மேடையில் நின்று நிருபர்களுக்கு விடையளித்தார். இங்கும் முதலில் எழுதியது உள்நாட்டுச் சிறு சஞ்சிகை. பேசாதிருந்தவை பெரும் பத்திரிகைகள். 2023இல், சிறுவர் இசைக் குழுக்களை உருவாக்கிய பெருநிறுவனமொன்றின் காலஞ்சென்ற அதிபர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமையைப் பாதிக்கப்பட்ட ஒருவர் அம்மன்றத்தில் எடுத்துரைத்த பின்னரே நாடு முழுவதும் அது பேசப்பட்டது. உள்நாட்டு வாரச் சஞ்சிகையொன்று 1999இலேயே அதனை வெளியிட்டிருந்தது!

1976இல், யப்பானியப் பத்திரிகைச் சங்கமும் பெருந் தொழிலதிபர் சம்மேளனமும் சேர்ந்து வெளிநாட்டு நிருபர்களுக்கென வேறொரு நிலையத்தை டோக்கியோவில் நிறுவின. அங்கு நிபுணர் உரைகளும் சுற்றுப் பயணங்களும் செவ்வனே நடந்துள்ளன. அவற்றாற் பயன்பெற்ற நிருபர் பலர். எனினும் தொழிலதிபர் சம்மேளனம் பங்குகொண்டு நிறுவிய மேடையில் தொழிலதிபரைத் திணறடிக்கும் விருந்தினரை எதிர்பார்ப்பது பேதைமை.

நிருபர்களே அழைக்கும் உரிமைதானும் நிலையானதன்று. ஹொங்கொங் வெளிநாட்டு நிருபர் மன்றம் 2018 ஓகஸ்டில், ஹொங்கொங்கின் தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்த இளைஞர் ஒருவரைப் பேச அழைத்தது. அழைப்பை மீளப்பெறுமாறு சீன வெளிநாட்டமைச்சு கேட்டது, மன்றம் இணங்கவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்த உபதலைவர் விக்டர் மலெட்டின் தொழில் நுழைவனுமதி அவ்வாண்டு ஒக்டோபரிற் புதுப்பிக்கப்படவில்லை. அவ்விளைஞரின் கொள்கை சரியா பிழையா என்பது ஈண்டு எமது ஆராய்ச்சியன்று. உபசரித்தவனைத் தண்டிப்பதால் உரை நின்றுவிடும் என்று அதிகாரத்திலுள்ளோர் கணக்கிட்டனர், அக்கணக்குப் பிழைக்கவுமில்லை. 2020இன் தேசிய பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர், 2022இல் அம்மன்றம் தன் மனித உரிமைப் பத்திரிகைப் பரிசுகளைத் தானே நிறுத்திக்கொண்டது.

டோக்கியோவிலும் ஹொங்கொங்கிலும் நடந்தவை எமக்கென்ன என்று வாசகர் கேட்கக்கூடும். எம் நாட்டைப் பற்றி உலகுக்கு எழுதியோருட் பலர் புது டில்லியில் இருந்துகொண்டு, வேண்டியபோது கொழும்புக்கு வந்து சென்றவர்கள். 2009இல் வன்னியில் மக்கள் மடிந்துகொண்டிருந்த மாதங்களில் அந்நிருபர்கள் களத்துக்குச் செல்ல விடப்படவில்லை. கொழும்பில் அரசாங்கம் அளித்த விளக்கங்களே அவர்களுக்குக் கிட்டின. பொதுமக்களுக்குச் சேதமின்றியே போர் நடப்பதாக அவ்விளக்கங்கள் கூறின. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையோ, மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருத்தல் கூடும் என்றது. விளக்கமளித்தவரை அன்று மடக்கிக் கேட்கக் கையிற் பத்திரத்துடன் அவ்வறையில் இருந்தவர் எத்தனை பேர்?

கமக்காரருக்கு 2021ஆம் ஆண்டை நினைவூட்டத் தேவையில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே உத்தரவில் தடைசெய்யப்பட்டது. வெளிநாட்டு மேடைகளில் அது சூழல் காக்கும் பெருஞ்சாதனையாக எடுத்துரைக்கப்பட்டது. மஞ்சளித்துப்போன பயிரின் முன் நின்றவனை அம்மேடைகளுக்கு எவரும் அழைத்ததில்லை. தடை நவம்பரில் நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் கைநழுவிக்கொண்டிருந்தது.

ஆகவே எம் வழக்கறிஞர், வைத்தியர், ஆசிரியர், எழுதுவினைஞர் முதலியோரிடம் நாம் வேண்டுவது உரையன்று. உணர்ச்சி ததும்பும் உரைகள் எம்மிடம் வேண்டிய அளவுக்கு மேலேயே உண்டு. தச்சிபனாவின் கையில் இருந்தவை காணிப் பதிவேடுகள். வூட்போர்ட்டின் கையில் இருந்தவை கணக்குப் பத்திரங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட கமக்காரனின் பெட்டியிலும் ஒரு பத்திரம் உண்டு. அவ்வுறுதியின் இலக்கம், காணி எத்தனை பரப்பு, கிணறு எத்திசையில், குடும்பம் வெளியேறிய திகதி என்ன, காணி விடுவிக்கப்பட்டதா, விடுவிக்கப்பட்டதாயின் எப்போது என்பவற்றை ஊர் ஊராகத் தொகுத்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே கோப்பாக வைத்திருக்கும் சங்கங்கள் எத்தனை? கொழும்பிலோ டில்லியிலோ நிபுணரின் உரை முடிந்து, வினாக்கள் உண்டா என்று தலைவர் கேட்கும் வேளையில், எழுந்து நிற்கும் நிருபனின் கையில் இருக்கவேண்டியது அக்கோப்பு.