புரியாத மந்திரமும் படிக்காத பத்திரமும்

இந்தக் காலத்தில் பட்டணத்தில் மாத்திரமல்லாமல் கிராமங்களிலும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட தாய் தகப்பன்மார்கள், அமெரிக்காவிலோ, கனடாவிலோ, ஜெர்மனியிலோ உத்தியோகம் பார்க்கும் தங்கள் பிள்ளைகளைப் பார்க்க ஆகாய விமானம் ஏறுகிறார்கள். இதைப் பார்த்து நாம் மகிழ்ச்சியடைகிறோம். மனிதன் நாலு தேசத்தைப் பார்த்தால் அவனுடைய மூடநம்பிக்கையில் நாலில் ஒரு பங்காவது குறையும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் பிரயாணத்துக்கு முன் அந்த வீடுகளில் நடக்கும் கூத்தைப் பார்த்தால் நமது மகிழ்ச்சி பாதியாகிவிடுகிறது. முதலில் ஜோசியன் வருகிறான். ஜாதகத்தில் 12 கட்டங்களையும் புரட்டுகிறான். பிறகு பஞ்சாங்கம் வருகிறது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அமெரிக்காவோ மேற்கே இருக்கிறது. ஆகையால் வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்பவேண்டுமாம். விமானம் இராகு காலத்தில் புறப்படுகிறது என்றால் அதற்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதுமாம். அதற்குப் ‘பரஸ்தானம்’ என்று பெயர். இராகுவும் கேதுவும் இவ்வளவு சுலபமாக ஏமாறக்கூடியவர்களாயிருந்தால், அவர்களுக்குப் பயப்படுவானேன் என்று எவரும் கேட்பதில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு, புறப்பட இரண்டு நாள் இருக்கையில், விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்தவன் நாலைந்து பக்கக் காகிதத்தை நீட்டி, “இன்ஷூரன்ஸ் சார், இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்கிறான். வீட்டுக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். பொய்யான காகிதத்தை மூன்று நாள் படித்தவர், மெய்யான காகிதத்துக்கு மூன்று நிமிஷம் கொடுப்பதில்லை. இதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத நினைக்கிறோம்.

கடலைத் தாண்டலாமா என்பதற்கே நம் நாட்டில் சாஸ்திரம் இருந்தது. போதாயனர் என்பவர், மனிதனைப் பதிதனாக்கும் காரியங்களில் கடற்பிரயாணத்தை முதலாவதாக வைத்தார். மனு தமது மூன்றாவது அத்தியாயத்தில், சிராத்தத்துக்கு அழைக்கத் தகாதவர்களின் பட்டியலில் கடற்பிரயாணம் செய்தவனையும் சேர்த்தார். கணித மேதை இராமானுஜம் 1914இல் சீமைக்குப் போவதற்கு, அவர் தாயாருக்குக் கனவில் நாமகிரித் தாயார் வந்து உத்தரவு கொடுக்க வேண்டியிருந்தது என்று அவருடைய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1931 டிசம்பரில் தோழர் ஈ.வெ.ரா. தமது 52ஆவது வயதில் கப்பலேறி எகிப்து, கிரீஸ், துருக்கி, ரஷியா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய தேசங்களைச் சுற்றிவிட்டு 1932 நவம்பரில் திரும்பி வந்தார். எந்தச் சாமியின் கனவுக்கும் அவர் காத்திருக்கவில்லை. அவருக்கு ஒன்றும் குறைந்துபோய்விடவும் இல்லை.

இன்று சாஸ்திரிகளே குடும்பத்தோடு கடலைத் தாண்டுகிறார்கள். தடை போன பிறகு, அந்த இடத்தில் சாமியே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் உள்ள சாமிக்கு ‘விசா பாலாஜி’ என்றே பெயர் வந்துவிட்டது. 11 சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்ளவேண்டும். விசா கிடைத்தால் 108 சுற்றுச் சுற்றவேண்டும். அங்கே உண்டியல் இல்லை என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். காசு போகவில்லை, சரி. புத்தி போகிறதே, அதற்கு யார் கணக்குச் சொல்வது? ஐரோப்பாவில் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்த 29 நாடுகளுக்கு விசா வேண்டுமானால், வைத்தியச் செலவுக்கும், நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும், மரணம் நேர்ந்தால் ஆகும் செலவுக்கும் சேர்த்து 30,000 யூரோவுக்குக் குறையாத இன்ஷூரன்ஸ் பத்திரம் காட்டவேண்டும் என்பது 2009இல் செய்த சட்டம். 108 சுற்றல்ல, 1008 சுற்றுச் சுற்றினாலும் அந்தக் காகிதம் இல்லாவிட்டால் விசா இல்லை. எது விசா கொடுக்கிறது, சாமியா, காகிதமா?

“என்ன இருந்தாலும் தெய்வம் காப்பாற்றும்” என்று சொல்லும் ஆஸ்திக நண்பர்களுக்கு ஒரு சேதி சொல்லுகிறோம். பம்பாயில் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் என்ற சபையார் வருஷந்தோறும் பெரிய பிள்ளையார் வைத்து விழா நடத்துகிறார்கள். 2024இல் அந்த விழாவுக்கும், பிள்ளையாரின் நகைகளுக்கும், ஊழியர்களுக்கும், தீ விபத்துக்கும் சேர்த்து 400 கோடி ரூபாய்க்கு மேல் இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. புத்திசாலித்தனமான காரியம்தான் செய்தார்கள். ஆனால் விக்கினத்தைத் தீர்க்கும் விநாயகருக்கே விக்கினம் வந்தால் என்ன செய்வது என்று அவருடைய சொந்தப் பக்தர்கள் யோசித்திருக்கும்போது, சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஐம்பது வயது மனிதர் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு விமானம் ஏறலாமா என்று கேட்கிறோம்.

நிற்க, இன்ஷூரன்ஸ் என்பது என்ன? பலபேர் சிறு தொகை போட்டு ஒரு பொதுப் பெட்டியில் வைப்பது; அவர்களில் எவனுக்கு ஆபத்து வருகிறதோ அவனுக்கு அதிலிருந்து கொடுப்பது. இதில் அற்புதம் ஒன்றுமில்லை, கணக்குத்தான் இருக்கிறது. இந்தக் கணக்குக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஹாலி என்ற இங்கிலீஷ் வானசாஸ்திரி. அவர் 1693இல் பிரெஸ்லவ் என்ற ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று ஓர் அட்டவணை போட்டார். வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்று உலகமே நடுங்கிக் கொண்டிருந்த காலத்தில், ஒரு வால்நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பி வரும் என்று கணக்குச் சொன்னவரும் இவர்தான். அவர் இறந்த பிறகு, சொன்னபடியே அது வந்தது. ஜோசியன் ஒரு தனி மனிதனுக்கு நாளை என்ன நடக்கும் என்று சொல்லுகிறான், அது பலிப்பதில்லை. கணக்கன் ஒரு தனி மனிதனைப் பற்றி எதுவும் சொல்லுவதில்லை. ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்று மட்டும் சொல்லுகிறான். அது ஏறக்குறையப் பலிக்கிறது. பொய் எல்லாம் தெரியும் என்கிறது. அறிவு இவ்வளவுதான் தெரியும் என்கிறது.

இதுவரை ஆஸ்திகர்களைச் சொன்னோம். இனி நம்மவர்களையும் சொல்லவேண்டும். நமது நண்பர் ஒருவர், தானியக் கடை வைத்திருப்பவர், ஐம்பத்து நாலு வயது, பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், மகளைப் பார்க்க மனைவியோடு அமெரிக்காவுக்குப் போனார். இன்ஷூரன்ஸ் பாரத்தில் “சர்க்கரை வியாதி உண்டா?” என்று ஒரு கட்டம் இருந்தது. ஏஜண்டு, “உண்டு என்று எழுதினால் பணம் கூடும், தொந்தரவு வரும்” என்று சொல்லி, ‘இல்லை’ என்று தானே குறித்துவிட்டான். மூன்றாவது வாரம் நண்பருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, பத்து வருஷமாகச் சர்க்கரை என்று உண்மையைச் சொன்னார். ஆஸ்பத்திரிக் குறிப்பில் உண்மை, பாரத்தில் பொய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கம்பெனி, பணம் கொடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டது. மருமகன் மூன்று வருஷம் சேர்த்து வைத்திருந்தது முழுவதும் போய், கடனும் மிஞ்சியது. நண்பர் பிழைத்து ஊர் வந்தார். நாம் போய்ப் பார்த்தபோது, “ஏழரைச் சனி, என்ன செய்ய!” என்றார். ஜாதகத்தில் 12 கட்டங்களைப் பார்க்க ஆயிரம் ரூபாய் கொடுத்தவர், பாரத்தில் இருந்த ஒரே ஒரு கட்டத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பிடித்த சனி ஆகாயத்தில் இல்லை. அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

தோழர்களே! புரோகிதன் சொல்லும் மந்திரம் நமக்குப் புரிவதில்லை. புரியாவிட்டாலும் தட்சிணை கொடுத்துத் தலையாட்டுகிறோம் என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். ஏஜண்டு நீட்டும் இங்கிலீஷ் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? அங்கே பூணூல், இங்கே கழுத்துப்பட்டி. இரண்டு இடத்திலும் நம்முடைய புத்தியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிடுகிறோம். சுயமரியாதை என்பது கோவிலுக்குப் போகாமலிருப்பது மட்டுமல்ல. கையெழுத்துப் போடுமுன் படிப்பதும் சுயமரியாதைதான்.

ஆகவே, நடுவயதில் வெளிநாடு போகிறவர்கள் பார்க்கவேண்டியவை என்று நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறோம். முதலாவது, உள்ள வியாதியை உள்ளபடி எழுதுங்கள். எழுதினால் பணம் கூடலாம். சில கம்பெனிகள் பழைய வியாதிக்கு அடியோடு கொடுக்கமாட்டோம் என்றும், சில கம்பெனிகள் உயிருக்கு ஆபத்தானால் மட்டும் இவ்வளவு வரை கொடுப்போம் என்றும் சொல்லும். அது முன்னாலேயே தெரிந்தால், ஒத்துக்கொள்ளும் கம்பெனியைத் தேடலாம். பொய்யெழுதி வாங்கிய பத்திரம் தாயத்துக்குச் சமானம். கையில் இருக்கும், காப்பாற்றாது.

இரண்டாவது, போகிற நாட்டைப் பார்த்துத் தொகையைப் பாருங்கள். ஐரோப்பாவுக்கு 30,000 யூரோ என்பது சட்டம் கேட்கும் குறைந்த அளவுதான். கனடாவில் பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கப் பெற்றோருக்குக் கொடுக்கும் ‘சூப்பர் விசா’வுக்கு 1,00,000 கனடா டாலருக்குக் குறையாமல், ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வைத்தியக் காப்பு வேண்டும். அமெரிக்காவில் இருதய ஆப்பரேஷன் செலவு இலட்சம் டாலரைத் தாண்டுவது அதிசயமல்ல. அங்கே போகிறவர் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கச் சிறிய தொகைக்குப் பத்திரம் வாங்குவது, ஆற்றில் பாதி தூரத்துக்குப் பாலம் கட்டுவது போலாகும்.

மூன்றாவது, முதல் பக்கத்துத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். வயது ஏறினால் அறை வாடகைக்கு இவ்வளவு, ஆப்பரேஷனுக்கு இவ்வளவு என்று உள்ளே தனித்தனி வரம்பு போட்டிருப்பார்கள். சில பத்திரங்களில் அது ஐம்பதைத் தாண்டியதுமே தொடங்கும்; சிலவற்றில் அறுபதுக்கு மேல். முதலில் இத்தனை டாலர் நீங்களே போடவேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருக்கும். பெட்டி காணாமற்போனால் கொடுப்போம், விமானம் தாமதித்தால் கொடுப்போம் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். பெட்டி போனால் வேட்டி போகும். நெஞ்சுவலி வந்தால் வீடு போகும். எதற்காகப் பத்திரம் வாங்குகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

நாலாவது, எதற்குக் கொடுக்கமாட்டார்கள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். குடித்திருந்தபோது வந்த ஆபத்து, வைத்தியர் போகவேண்டாம் என்று சொல்லியும் போனது, வைத்தியம் செய்துகொள்ளவே போனது, இவற்றுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆபத்து வந்தால் எந்த நம்பருக்கு உடனே சொல்லவேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, அந்த நம்பரும் பத்திரத்தின் நகலும் மனைவி கையிலும் இருக்கட்டும். நெஞ்சுவலி வந்தவர் தாமே டெலிபோன் பேசமாட்டார். பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒளித்து வைத்திருக்கும் ஆண்மை, அந்நிய தேசத்து ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றுக்கும் உதவாது. அம்மாளுடைய பாரத்தையும் அவரே படித்து, அல்லது படிக்கச் சொல்லிக் கேட்டு, அவருடைய வியாதியை அவரே சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களைப் பற்றி மட்டுமே பேசி, வயிற்றுக்காகக் கடல் தாண்டும் தொழிலாளியை மறப்பது நியாயமல்ல. பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற சர்க்கார் இன்ஷூரன்ஸ் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாயும் கட்டினால், விபத்தில் இறந்தாலும் நிரந்தர ஊனமானாலும் 10 லட்சம் ரூபாய். இந்தப் பத்திரத்தின் நகல் ஊரிலுள்ள குடும்பத்தாரிடம் இருக்கவேண்டும். கிராமத்துத் தோழர்கள் இதை வீடு வீடாகச் சொன்னால் அதுவே பெரிய பிரசாரம்.

“கம்பெனிக்காரன் எல்லாம் திருடன், எதற்கு அவனுக்குப் பணம்?” என்று சிலர் கேட்கலாம். கம்பெனிக்காரனை யோக்கியன் என்று நாமும் சொல்லவில்லை. அவன் இலாபத்துக்குக் கடை வைத்திருக்கும் முதலாளி. அதனால்தான் படியுங்கள் என்கிறோம். அவன் அநியாயமாக மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் சரியில்லாவிட்டாலும், ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அந்த ஆபீசு இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. சாமி வரம் கொடுக்கவில்லையென்றால் எந்த ஆபீசில் புகார் கொடுப்பது?

“நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது வியாதி, சாவு என்று பேசுவது அபசகுனம்” என்று வேறு சிலர் சொல்லுவார்கள். பேசினால் சாவு வருமென்றால், இன்ஷூரன்ஸ் ஏஜண்டுகளில் ஒருவனாவது இந்நேரம் உயிரோடிருப்பானா?

கடைசியாக ஒன்று. கோவிலில் நமக்குப் புரியும் பாஷையில் சொல் என்று கேட்ட நாம், கம்பெனியிடமும் அப்படியே கேட்கவேண்டும். மருத்துவ இன்ஷூரன்சுக்கு முக்கிய நிபந்தனைகளை ஒரு சுருக்கத் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும், கேட்டால் உள்ளூர் பாஷையில் கொடுக்கவேண்டும் என்று 2024 ஜனவரி முதல் ஏற்பாடு இருக்கிறது. பிரயாணப் பத்திரம் வாங்கும்போதும் அதையே கேளுங்கள். தமிழில் கொடு, கொடுத்தால்தான் கையெழுத்து என்று நூறு பேர் சொன்னால், நூற்றோராவது ஆளுக்குக் கேட்காமலே கிடைக்கும்.

இதையும் நாம் எழுதினோம் என்பதற்காக நம்பவேண்டாம். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது கடல் கடக்கும்போது, பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டுப் பத்திரத்தைத் திறந்து பாருங்கள். எது காப்பாற்றுகிறது என்று உங்கள் புத்தியே சொல்லும்.