இணையவழி மேலதிக வருமானம்: வழியா, வலையா?

"ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தே உழைக்கலாம். நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபா வரை பெறலாம். முன் அனுபவம் தேவையில்லை." இத்தகைய செய்தி வந்து சேராத கைத்தொலைபேசி இன்று எமது கிராமங்களில் இல்லை என்றே கூறலாம். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் அந்த வேகம் தணிந்ததேயொழிய, அன்று ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தோட்டத்துக்கும் கடலுக்கும் கூலி வேலைக்கும் செல்பவர்களின் உழைப்பு மாத முடிவுவரை நின்றுபிடிப்பதில்லை. எனவே, மேலதிக வருமானம் தேடுவோரைப் பேராசைக்காரர் எனப் பழிப்பது நியாயமன்று. அவர்கள் தேடுவது பிள்ளையின் ரியூசன் காசையும் மின்சாரக் கட்டணத்தையுமே.

அண்மையில் ஒரு தாய் எம்மிடம் வந்தார். தையல் வேலை செய்பவர். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, யூரியூப் காணொளிகளுக்கு விருப்பம் தெரிவிக்கும் 'வேலை'யில் சேர்ந்திருக்கிறார். முதல் நாளே 600 ரூபா வங்கிக் கணக்குக்கு வந்தது. பின்னர் டெலிகிராம் குழுவொன்றில் சேர்க்கப்பட்டார். 5,000 ரூபா வைப்பிலிட்டால் கூடுதல் வேலை என்றார்கள். வைப்பிலிட்டார், 6,500 திரும்பி வந்தது. அடுத்து 40,000. இம்முறை திரையில் இலட்சத்துக்கு மேல் காட்டியது. ஆனால் எடுக்க முடியவில்லை. எடுப்பதற்கு 'வரி' கட்டச் சொன்னார்கள். சங்கிலியை அடைவு வைத்து அதனையும் கட்டினார். அதற்குப் பின் பதிலே இல்லை. எம்மிடம் வந்தபோது, போன பணத்தை மீட்கும் வழியை அவர் கேட்கவில்லை. "இவருக்கு நான் எப்படிச் சொல்லுவன்?" என்றே கேட்டார்.

இந்த ஏமாற்று எப்படி நடைபெறுகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். முதலில் தரப்படும் சிறுதொகை கூலி அல்ல, தூண்டில் இரை. குழுவில் "எனக்குப் பணம் வந்துவிட்டது" என்று எழுதுவோரில் பெரும்பாலானோர் ஏமாற்றுக்காரரின் ஆட்களே. திரையில் வளரும் தொகை வெறும் எழுத்து. அதற்குப் பின்னால் ஒரு சதமும் இல்லை. இட்ட பணத்தை விட்டுவிட மனமில்லாமல் மேலும் மேலும் இடச் செய்வதே இதன் சூட்சுமம். இன்னொரு பொறியும் உண்டு. "உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், ஒரு பங்கு உங்களுக்கு" என்று இளைஞரைக் கேட்கிறார்கள். வருவது ஏமாந்த வேறொருவரின் பணம். பொலிசார் தேடி வரும்போது அகப்படுவது கணக்கின் சொந்தக்காரரே.

ஆள் சேர்த்தால் பணம் என்னும் பிரமிட் திட்டங்களும் இன்று செயலி வடிவில் வருகின்றன. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இவற்றைத் தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். மச்சாளையும் அயலவரையும் சேர்த்துவிடுபவர் இதனை மறக்கக்கூடாது. ஐயம் எழுந்தால் மத்திய வங்கியை 1935 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

அப்படியாயின் இணையத்தில் உண்மையான உழைப்பே இல்லையா? நிச்சயமாக உண்டு. மொழிபெயர்ப்பு, தட்டச்சு, வடிவமைப்பு, கணக்குப் பதிவு என்பவற்றை வீட்டிலிருந்து செய்து உழைப்போர் எம்மிடையே இருக்கின்றனர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எம்மவரின் பிள்ளைகளுக்கு 'சூம்' வழியாகத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியைகளும் உள்ளனர். ஃபைவர் போன்ற தளம் வேலை செய்பவரின் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அது சிறிய பங்கல்ல. எனினும் வேலைக்குக் கூலி கிடைக்கும்போதே அதனைக் கழிக்கிறது. வரியும் உண்டு; 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்கு வழங்கும் சேவைகளால் வரும் வருமானமும் வரிக்கு உட்படுகிறது. ஆனால் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு இருக்கிறது. அதற்கு மேற்பட்டாலும் வரி செலுத்தப்படுவது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கே. யாரோ ஒருவரின் தனிப்பட்ட கணக்குக்கு அல்ல.

உண்மையான வேலைக்குத் திறமை வேண்டும். திறமைக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு நேரம் வேண்டும். இங்குதான் 'ஓய்வு நேரம்' என்ற சொல்லை நாம் கேள்விக்குட்படுத்த வேண்டியுள்ளது. யாருடைய ஓய்வு நேரம்? ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை 9 மணி, கோடை காலத்தில் எமக்கு மாலை 6.30. அடுப்பு எரிகின்ற, பிள்ளைகள் படிக்கின்ற நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு பெண் கணினிக்கு முன் இருக்க வேண்டுமாயின், கணவனோ மூத்த மகனோ அடுப்படிக்குச் செல்ல வேண்டும். இல்லாவிடின் அவருடைய மேலதிக வருமானம் அவருடைய நித்திரையிலிருந்தே எடுக்கப்படும்.

கிராமங்களில் பணியாற்றும் நாமும் எம்மைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுத்தோம். சுயதொழிற் பயிற்சி நடத்தினோம். இணைய உழைப்பைப் பொறுத்தமட்டில் "கவனமாயிருங்கள்" என்று சொன்னதோடு நின்றுவிட்டோம். வழி காட்டாத எச்சரிக்கை எவரையும் காப்பாற்றாது. எமது சிக்கன கடன் சங்கங்கள் தோன்றியதன் அடிப்படை, தனியே இயலாததை ஒன்றுகூடிச் செய்வதாகும். அதே முறையில் சங்க மண்டபத்தில் இரண்டு கணினிகளை வைத்து, ஏற்கெனவே இவ்வாறு உழைக்கும் ஒருவரைக் கிழமைக்கு இரு மாலைகள் கற்பிக்க அழைக்கலாம். வேலை தருவதாக வரும் செய்திகளை அங்கேயே பலர் கூடி வாசித்துப் பார்க்கலாம். ஏமாற்று தனிமையில்தான் வெல்கிறது. அந்தத் தாய் இரண்டாவது வைப்புக்கு முன் சங்கத்தில் ஒருவரிடமாவது கதைத்திருந்தால், சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும்.

ஏமாந்தவரைப் பார்த்து நகைக்கும் பழக்கத்தையும் நாம் விட்டொழிக்க வேண்டும். அந்த நகைப்புக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை; அவர்கள் வாய் திறக்காததால் அடுத்த வீட்டாரும் அதே குழியில் விழுகின்றனர். அத்தாய் இறுதியில் கணவனிடம் சொன்னார். சில நாட்கள் வீட்டில் பேச்சில்லை. பின்னர் மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைக் கூறினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இருவர், தமது தொலைபேசியிலும் அதே செய்தி வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

வேலை தருபவர் கூலி கொடுப்பார். கூலியாளிடம் காசு கேட்கமாட்டார். வயலிலும் வாடியிலும் நாம் அறிந்த இந்த நியாயமே இணையத்துக்கும் பொருந்தும்.