கருடனுக்குக் கும்பிடு, பிராந்துக்குக் கவண்

சங்கரன்கோயில் கோபுரத்துக்கு மேலே, வெள்ளை மார்பும் செம்மண் நிறச் சிறகுமாகக் கருடன் ஒன்று வட்டமிட்டு வந்தால், ரதவீதியில் அவசர காரியமாகப் போகிறவரும் ஒரு கணம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அதே கருடன் ஊரைத் தாண்டி ஒரு கொல்லைப்புறத்தில் தாழ இறங்கிக் கோழிக்குஞ்சொன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டால், அது பெருமாளின் வாகனம் என்ற ஞாபகம் ஒருவருக்கும் வருவதில்லை. கல்லும் கவணும் வசவுமே வருகின்றன. சிவனே பெரியவர் என்று சங்கனும், விஷ்ணுவே பெரியவர் என்று பதுமனுமாக இரண்டு நாகராஜர்கள் தொடுத்த வழக்கு, இருவரும் ஒருவரே என்ற தீர்ப்போடு முடிந்த ஸ்தலம் என்று புராணம் சொல்லும் இவ்வூரில், கோழிக்கும், பேச்சில் பிராந்து என்று சொல்லும் பருந்துக்கும் உள்ள வழக்கை மட்டும் ஒரு தரப்பை விசாரியாமலே தீர்த்துவிடுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

வாதியின் நஷ்டத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. கரிசல் காட்டுக் கிராமங்களில் சிறுவிடைக் கோழி இரண்டை வைத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு முட்டையை அடை வைத்து, பொரித்த குஞ்சுகளை வளர்த்து, ஒரு சேவலை ஆடித்தபசுத் திருவிழாச் செலவுக்கும் மற்றொன்றைப் பள்ளிக்கூடச் செலவுக்கும் என்று மனத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, ஒரே வாரத்தில் நான்கு குஞ்சுகள் ஆகாய மார்க்கமாகப் போய்விடுவது சாதாரண விஷயமல்ல. ஆனால் அபராதி யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வெட்டவெளியில் வட்டமிட்டு இறங்குவது கரும்பருந்தோ, கருடன் என்று நாம் கும்பிடும் செம்பருந்தோ ஆகலாம். புறா அளவே இருந்துகொண்டு, வேப்பங்கிளையில் அசையாமல் ஒளிந்திருந்து, ஒரே பாய்ச்சலில் காரியத்தை முடித்துக்கொள்வது வல்லூறு. பொரித்து மூன்று நாளான குஞ்சைச் சாவகாசமாகத் தூக்கிப் போவதோ பெரும்பாலும் நாம் தினமும் சோறு வைக்கும் காகம். பருந்துக்குக் குஞ்சு நித்திய ஆகாரமல்ல. எலி, ஓணான், செத்த மீன், இறைச்சிக் கழிவு ஆகியவையே அதன் பிரதான உணவு. தை, மாசி மாதங்களில், கூட்டில் தன் குஞ்சுகளும் வாய் பிளந்து காத்திருக்கும் காலத்தில், அதன் துணிச்சல் கூடுகிறது.

பருந்து அன்றும் இருந்தது, குஞ்சும் இருந்தது. இன்று மட்டும் இழப்பு ஏன் உறுத்துகிறது என்று யோசித்தால், மாறியது பருந்தின் ஸ்வபாவமல்ல, நம் கொல்லைப்புறம் என்பது விளங்கும். அப்போது வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்பு இருந்தது. அடுப்பெரிக்க அடுக்கிய பருத்திமார்க் கட்டும், தாழ்ந்த கூரை இறவாரமும், முள்வேலியும் இருந்தன. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு, வானத்தில் நிழல் தெரிந்ததும் குரல் கொடுக்கும் பாட்டி ஒருத்தியும் இருந்தாள். தாய்க்கோழி பூனையைக் கண்டால் கொக்கரிப்பது ஒரு மாதிரி, வானத்துப் பறவையைக் கண்டால் இழுத்து ஒலிப்பது வேறு மாதிரி. இந்த இரண்டாவது குரல் கேட்ட மாத்திரத்தில் குஞ்சுகள் பருத்திமாருக்குள் புகுந்து மறைந்துவிடும். இன்று எரிவாயு வந்துவிட்டது, படப்பு போய்விட்டது, முற்றத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு மதிலும் எழுப்பியாயிற்று. தாய் பழைய குரலைத்தான் கொடுக்கிறது, ஓடி ஒளிய இடந்தான் இல்லை. குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரமும் பரணில் கிடக்கிறது.

போதாக்குறைக்கு, இறைச்சிக் கழிவை ஓடைக்கரையிலும் குளத்துக் கரையிலும் கொட்டி, பருந்துகளை நாமே அழைத்து வைத்துக்கொள்கிறோம். தில்லி நகரத்தில் கரும்பருந்துகள் ஏராளமாகக் கூடு கட்டுவதற்கு அங்குள்ள குப்பையும், வேண்டுதலாக மக்கள் எறியும் இறைச்சித் துண்டுகளுமே முக்கிய காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு, வந்த விருந்தாளி அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தான் என்று கோபிப்பதில் என்ன பிரயோஜனம்?

நாட்டுக்கோழியின் பரம சத்துருவை நாம் அண்ணாந்து தேட வேண்டியதே இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்று கிராமத்திலும், 1928-ல் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்று புத்தகத்திலும் வழங்கும் வியாதி, கோடையில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஒரு கூட்டையே காலிசெய்துவிட்டுத்தான் போகும். பருந்து ஒன்றை எடுத்துப்போவதைக் கண்ணால் பார்க்கிறோம், ஆகவே ஆத்திரம் வருகிறது. வியாதி இருபதை எடுத்துப்போனால் விதி என்கிறோம். இந்நோய்க்குக் கால்நடை பராமரிப்புத் துறையினர் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். தீவனத்தோடு கலந்து கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

விஷம் வைத்துப் பருந்தைத் தீர்த்துக்கட்டலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். விஷம் வைத்த இறைச்சி பருந்தின் வயிற்றோடு நின்றுவிடுவதுமில்லை. நாய், கீரி, காகம் என்று தெருவெங்கும் பரவும். பருந்து ஒழிந்து எலி பெருகினால், இரவில் கூட்டுக்குள் புகுந்து குஞ்சைக் கடித்திழுப்பதும் அதே எலிதான். பக்கத்திலுள்ள கழுகுமலை, கழுகரசன் ஜடாயுவின் தமையன் சம்பாதி முருகனை வழிபட்ட இடமென்று போற்றப்படுவது. அந்தக் கழுகுக்கு நேர்ந்ததே விஷத்துக்குச் சாட்சி: மாட்டுக்குப் போட்ட டைக்லோபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளை நாடெங்கும் மாய்த்து, 2006-ல் கால்நடை உபயோகத்துக்குத் தடைசெய்யப்படுவதற்குள் அந்த இனமே அருகிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் கழுகைக் காண மாயாறு, முதுமலைப் பக்கம் போகவேண்டும்.

செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாத காரியம். பொரித்த குஞ்சுகளை முதல் சில வாரங்கள் தாயோடு பஞ்சாரத்தில் வைத்து, பிறகு இரண்டு மாதம் ஆகும்வரை மேலே வலை கட்டிய அடைப்புக்குள் மேயவிட வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய மீன்வலையே போதும். ஆனால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டவேண்டும், தொய்ந்த வலையில் பறவை சிக்கிச் சாகும். வலைக்கு வசதியில்லாதவர்கள் அவரை, பீர்க்குப் பந்தலைத் தாழப் போட்டால், மேலே காயும் கீழே நிழலும் கிடைக்கும். மினுங்கும் நாடாவைக் கட்டுவது நான்கு நாள் வேடிக்கை. பருந்து சீக்கிரம் பழகிவிடுகிறது. கரிச்சான் கூடு கட்டியிருக்கும் மரத்தை மட்டும் வெட்டாதீர்கள். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் முதுகில் கொத்தி விரட்டும் காவற்காரன் அது.

கிராமப் பெண்களுக்கு மானியத்தில் கோழிக்குஞ்சு கொடுக்கும் அரசாங்கம், ஒவ்வொரு பயனாளிக்கும் குஞ்சோடு வலையும் நான்கு கம்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இறைச்சிக் கழிவை ஓடையில் கொட்டுகிறவர்களிடம் நகராட்சி தாட்சணியம் காட்டக் கூடாது. வாசகர்களில் கோழி வளர்ப்பவர்கள், எட்டு வாரம் கடந்தவற்றைக் கூடையில் போட்டு, வருகிற பிப்ரவரித் தடுப்பூசி முகாமுக்குத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.